ரெடிமேடை விட்டு வீட்டிலேயே தைக்க: மெஷின், துணி, கைக்குழி

செந்தூல்_ஊசி (கேள்வி)

வணக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் போடும் உடுப்பை இனி நானே தைத்துக்கொள்வதாக உத்தேசம். நேர்த்தையல், ஹெம்மிங், சேலைக்கு ஃபால்ஸ், உட்பாவாடை வரை கை பழகியிருக்கிறது. முதல் கட்டமாகக் குர்தி ஐந்து, எலாஸ்டிக் பேன்ட் மூன்று, சேலை பிளவுஸ் இரண்டு.

மெஷின் விஷயத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின், புது வீட்டு மெஷின், தையல் கடைகளில் இருக்கும் பெரிய ஜூக்கி தொழில் மெஷின். எது? ஒரு குர்திக்கும் பேன்ட்டுக்கும் எத்தனை மீட்டர் கேட்டு வாங்குவது? ரேயான் வெட்டின உடனே ஓரமெல்லாம் உதிர்கிறது, ஓவர்லாக் மெஷின் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டுமா? இன்னொன்று, இருக்கிற பிளவுஸில் கையைத் தூக்கினால் பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறுகிறது. அடுத்ததில் கைக்குழியை, அதாவது கை பொருத்தும் வளைவை, இன்னும் இறக்கி வெட்டினால் சரியாகுமா?

பாபின்_பெட்டி

மெஷின் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா. இந்த மூன்றும் ஒழுங்காக விழும் வீட்டு மெஷின் போதும். அட்டைப்பெட்டியில் அறுபது டிசைன் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பூவும் வாத்தும் தைக்கும் அந்தத் தையல்களைக் குர்தியில் எங்கே போடப் போகிறீர்கள்?

ஜப்பான் மெஷின் நல்ல சாமான்தான், ஆனால் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு மலேசியாவில் 230 முதல் 240. தகட்டில் 100 என்று மட்டும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகிய நிமிடமே மோட்டார் போச்சு. மூன்று கால் பிளக் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல.

கடையில் இருக்கும் பெரிய ஜூக்கி நேர்த்தையல் மட்டும் போடும். வேகம் அதிகம், தனி மேசை வேண்டும், காஜாவுக்கு மறுபடியும் வேறு மெஷின் தேட வேண்டும். அதன் ஊசிக்கு உருண்டைத் தண்டு, வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை. ஒன்றை மற்றதில் போட முடியாது. பத்து உடுப்புக்கு அது தேவையில்லை.

எந்த மெஷின் வாங்கினாலும் தகராறு ஊசியிலும் நூல் கோப்பதிலும்தான் வரும். ரேயான், வாயில் (voile) மாதிரி மெல்லிய துணிக்கு 75/11 ஊசி, பாப்ளினுக்கு 80/12, லினனுக்கும் டிரில்லுக்கும் 90/14, ஜீன்ஸுக்கு 100/16. டி-ஷர்ட் துணிக்கு முனை உருண்ட ஊசி. சாதா ஊசி அந்த இழையை வெட்டிவிடும், துவைத்த பிறகு தையல் ஓரத்தில் பொடிப்பொடி ஓட்டை தெரியும். ஏழெட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றுங்கள். முனை மழுங்கினால் தையல் தாண்டும், மெல்லிய துணியில் இழை இழுத்துக்கொண்டு கோடு விழும். புது ஊசியிலும் தையல் தாண்டினால் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் எல்லாரும் பாபினைத் திட்டுவார்கள். தப்பு மேல்நூலில். அழுத்துபாதம் கீழே இருக்கும்போது நூல் கோத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே இறங்காமல் மேலாகவே ஓடும். பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவி, மறுபடி கோத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். டென்ஷன் திருகாணியைத் தொடுவது அதற்கும் பிறகுதான். பாபின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். 11.5 மில்லிமீட்டர் உயரமுள்ளதும் சற்றுக் குட்டையானதும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும், கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும்.

எண்ணெய்: தையல் மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

மஸ்ஜித்_இந்தியா_நடை

மீட்டர் கேட்பதற்கு முன்னால் அகலம் கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் காட்டன் பெரும்பாலும் 44, 45 இன்ச். கிரேப்பும் ரேயானும் பல 58, 60. இந்த வித்தியாசம் ஒரு குர்திக்கு முக்கால் மீட்டர் வரை இழுக்கும்.

மார்பு 38, உயரம் 40, முக்கால் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரளவு விரிந்த குர்தி என்றால் அடியில் ஒரு பாகத்துக்கு 24 முதல் 26 இன்ச் அகலம் வேண்டும். 44 இன்ச் துணியில் முன்பாகமும் பின்பாகமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராது, ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் வரும். மடிப்பும் தையலும் சேர்த்து 84 இன்ச், அதாவது சுமார் 2.15 மீட்டர். கை இரண்டும் பக்கத்து மிச்சத்தில் வந்துவிடும். 2.5 மீட்டர் கேட்டால் துவைத்துச் சுருங்கினாலும் பயமில்லை. 58 இன்ச் அகலத்தில் இரண்டு பாகமும் ஒரே வரிசையில் அடங்கும், 1.75 போதும். எலாஸ்டிக் பேன்ட் 44-ல் 2.25 மீட்டர், 58-ல் 1.25. பிளவுஸ் 80 சென்டிமீட்டர், கை நீளமாக இருந்தால் ஒரு மீட்டர், லைனிங்கும் அதே அளவு.

பாஜு கூரோங்குக்கென்று (மலாய்ப் பெண்களின் நீள உடுப்பு) நாலு மீட்டராக வெட்டி வைத்திருக்கும் செட்டில் ஒரு குர்தியும் பேன்ட்டும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 45 இன்ச் அகலமென்றால் அரை மீட்டருக்கு மேல் இடிக்கும். அகலமான துணியென்றால் தாராளமாக வரும், மிச்சமும் விழும்.

வெட்டுவதற்கு முன் நனைத்தே ஆக வேண்டும். காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். 40 இன்ச் குர்தியில் அது இரண்டு இன்ச் வரை போகும், முழங்காலுக்குக் கீழே இருந்தது மேலே வந்து நிற்கும். ரேயான் இதைவிட மோசம். பிறகு எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே இப்போதும் துவையுங்கள். பிறகு மெஷினில் போடப் போகும் துணியை இப்போது தண்ணீரில் முக்கி எடுப்பதில் அர்த்தமில்லை. ரேயானை ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீளும். தட்டையாக விரித்துக் காயவிட்டு, லேசான ஈரத்தில் அயர்ன் போடுங்கள். சிவப்பு, கருநீலம் சாயம் போனால் உப்பும் வினிகரும் போடச் சொல்வார்கள். கடைத் துணியின் சாயத்தை அவை பிடித்து நிறுத்தாது. தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுவதுதான் வழி.

கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ வாங்கும்போது ‘காட்டன்’ என்று கடைக்காரர் சொன்னால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக்கொண்டு வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலானால் காட்டன் அல்லது ரேயான். உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியெஸ்டர், கலந்திருந்தாலும் மணி விழும். கிரேப் என்று விற்பதில் முக்கால்வாசி பாலியெஸ்டர்தான். குளிரூட்டிய அலுவலகத்தில் அது பரவாயில்லை, மத்தியானம் ரயிலுக்கு நடக்கும்போதுதான் தெரியும். ஐந்து குர்தித் துணியையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். முதல் குர்தி பாப்ளினில் இருக்கட்டும். பாப்ளின் வழுக்காது, சாக் கோடு தெரியும், பிரித்துத் தைத்தாலும் தாங்கும். ரேயான் மூன்றாவதாக வரட்டும்.

ஓவர்லாக் மெஷின் வாங்குவது பற்றி: தையல் கடையில் கேட்டால் ஓவர்லாக் மட்டும் அடித்துத் தருகிறவர்கள் உண்டு. பாகங்களை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அடித்து வாங்கி வந்து தையுங்கள். கணக்குக்கும் அதுதான் லாபம்.

ஜெலுத்தோங்_அக்கா

மேலே சொன்ன மீட்டர் கணக்கு சரி. ஓவர்லாக்கில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மெஷினில் ஒரு கத்தி இருக்கிறது, தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டும். கடைக்காரர் அவசரத்தில் கால் இன்ச் தின்றுவிட்டால் உங்கள் தையல் அளவு எங்கே போகும்? பிளவுஸுக்குப் பக்கத்தில் ஒன்றரை இன்ச் மார்ஜின் விடுகிறோம், நாளைக்கு உடம்பு கூடினால் பிரித்து விட. அதையும் சேர்த்து வெட்டிக் கொடுத்த கடைகள் இருக்கின்றன. கொடுப்பதென்றால் ‘கத்தி படாமல் ஓரத்தை மட்டும்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

வீட்டிலேயே செய்ய: ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் தைப்பதற்கு முன்பே ஜிக்ஜாக், அகலம் 4, நீளம் 2. ஊசி ஒருமுறை துணியிலும் மறுமுறை துணிக்கு வெளியிலும் இறங்க வேண்டும். முழுக்கத் துணிக்குள் இறங்கினால் ஓரம் உதிர்வது நிற்காது. மெல்லிய துணி சுருண்டால் அடியில் டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள்.

ரேயானுக்கு பிரெஞ்சுத் தையல் அழகாக இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் விட்டிருந்தால், கெட்ட பக்கங்கள் உள்ளே சேரும்படி வைத்து ஓரத்திலிருந்து 9 மில்லிமீட்டரில் முதல் தையல். அந்த ஓரத்தை 3 மில்லிமீட்டராக வெட்டி, திருப்பி, அயர்ன் போட்டு, நல்ல பக்கங்கள் உள்ளே வர 6 மில்லிமீட்டரில் இரண்டாம் தையல். வெட்டாமல் திருப்பினால் வெளியே நூல் மீசை மீசையாக எட்டிப் பார்க்கும். ஆனால் குர்தியின் பக்கத் தையலில் இதைப் போடாதீர்கள். கீழே ஸ்லிட் இருக்கிறதே, பிரெஞ்சுத் தையல் ஒரே பக்கமாக மடிந்து வந்து ஸ்லிட் தொடங்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துக்கு இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக ஜிக்ஜாக் அடித்து, தையலை விரித்து அயர்ன் போட்டால் அதே மடிப்பு அப்படியே ஸ்லிட் ஓரமாக இறங்கிவிடும். தோளுக்கும் கைக்கும் பிரெஞ்சு, பக்கத்துக்கு விரித்த தையல்.

இப்போது பிளவுஸ். கைக்குழியை இறக்கவே இறக்காதீர்கள் தங்கச்சி, அதனால்தான் ஏறுகிறது. கைக்குழி அக்குளை விட்டுக் கீழே போகப் போக, கையும் உடம்பும் சேரும் இடம் இடுப்புப் பக்கம் இறங்குகிறது. கையைத் தூக்கினால் அந்த இடத்தைப் பிடித்துப் பிளவுஸையே தூக்கும். பிளவுஸுக்கு அக்குளுக்கு அரை இன்ச் கீழே, குர்திக்கு ஒரு இன்ச் கீழே கைக்குழி முடிந்தால் கை தாராளமாக ஆடும். இன்னொரு காரணம் கையின் மேல்வளைவு. அது உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் கை தொங்கும்போது அழகு, தூக்கும்போது வலி. வளைவை அரை இன்ச் தாழ்த்தி, அந்த அளவுக்குக் கையின் அகலத்தைக் கூட்டுங்கள். வரைந்த பிறகு டேப்பை நிறுத்தி வைத்து, தைக்கும் கோட்டில் இரண்டு வளைவையும் அளந்து பாருங்கள். கையின் வளைவு கைக்குழியை விட அரை முதல் ஒரு இன்ச் கூட இருக்கலாம். அதற்கு மேல் போனால் தோளில் சுருக்கம் விழும்.

ஏற்கெனவே தைத்த பிளவுஸில் இல்லாத துணியைச் சேர்க்க முடியாது, ஆனால் மலாய்க்காரர்கள் பாஜு கூரோங்கில் வைக்கும் கெக்கேக்கை வைக்கலாம். அக்குளில் வரும் சதுரத் துண்டுதான் கெக்கேக். அக்குளில் நாலு தையலும் சந்திக்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டு இன்ச் பிரித்து, 2.75 இன்ச் சதுரத்தை, தையலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விட்டு, வைரம் மாதிரி உட்கார வைத்துத் தையுங்கள். மூலையில் ஊசியைத் துணியிலேயே நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும்.

மாதிரி வரைய வகுப்புக்குப் போகவில்லை என்றால், நன்றாகப் பொருந்துகிற பழைய குர்தி ஒன்றைப் பிரித்து அயர்ன் போட்டு மணிலா அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். பிரிக்காமல் மேலே வைத்து வரைந்தால் மார்புக்கு வடிவம் தரும் டாட் மடிப்புக்குள் போன துணி கணக்கில் வராது, மார்பு இறுக்கும்.

பாபின்_பெட்டி

அக்கா சொன்னது சரி. கடையில் கிடைக்கும் காகித மாதிரி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘புர்டா’ (Burda) தையல் பத்திரிகையில் வரும் மாதிரியில் தையல் அளவு சேர்த்திருக்காது, நீங்கள் சேர்த்து வெட்ட வேண்டும். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் மாதிரியில் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளேயே இருக்கும். அதிலிருக்கும் சைஸ் எண்ணும் கடை உடுப்பின் எண்ணும் வேறு, உடம்பு அளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டர்வொர்த்_நாடா

பேன்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. எலாஸ்டிக் பேன்ட் சுலபம் என்று நினைத்துத்தான் நிறையத் துணி வீணாகிறது. கெடுவது இடுப்பில் இல்லை, கவட்டில்.

கெட்டியான நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்து ஒரு இன்ச் கூட்டுங்கள். அதுதான் கவட்டின் ஆழம். எலாஸ்டிக் மடிப்புக்கு மேலே தனியாக 1.75 இன்ச். பின் வளைவு முன் வளைவை விட நீளமாக இருக்க வேண்டும். முன்னையும் பின்னையும் ஒரே மாதிரி வெட்டினால் உட்காரும்போது பின்னால் இறங்கும். பின் இடுப்பின் நடுவில் ஒன்று, ஒன்றேகால் இன்ச் உயர்த்தி, பக்கத் தையலுக்குச் சரிவாக இறக்குங்கள். நிற்கும்போதே பிட்டத்துக்குக் கீழே சிரிக்கிற மாதிரி சுருக்கம் விழுந்தால் பின் தொடையில் கவட்டு முனை போதவில்லை, முனையை அரை இன்ச் நீட்ட வேண்டும்.

கவட்டுத் தையலை இரண்டு முறை போடுங்கள், முதல் தையலுக்கு வெளியே, ஓரத்துப் பக்கமாக, 3 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது. அங்கே ஒற்றைத் தையல் குந்தும்போது கிழியும். எலாஸ்டிக் 1.25 இன்ச் அகலம், நீளம் இடுப்பளவை விட இரண்டு மூன்று இன்ச் குறைவு. செருகினதும் பக்கத் தையல்கள் மேலே நேராக ஒரு தையல் போட்டுவிட்டால் உள்ளே முறுக்கிக்கொள்ளாது.

பழைய காட்டன் சேலை இருந்தால் குர்தியாக வெட்டலாம். ஐந்தரை மீட்டர், தாராளம். பார்டர் அடியில் வர வேண்டுமென்றால் துணியைக் குறுக்காகத்தான் வெட்ட முடியும், குர்தியின் உயரம் சேலையின் அகலத்தைத் தாண்டாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் இழை நைந்திருந்தால் அதை ஒத்திகைக்குத் தைக்க வைத்துக்கொள்ளுங்கள், உடுப்புக்கு வேண்டாம்.

உள்ளாடை, ஜீன்ஸ், டி-ஷர்ட் இவற்றைக் கடையிலேயே வாங்குங்கள்.

செந்தூல்_ஊசி

எல்லாருக்கும் நன்றி. பழைய பெட்ஷீட்டில் குர்தி மாதிரி தைத்துப் பார்த்தேன். தோளும் மார்பும் சரி. முன்கழுத்து மட்டும் நெஞ்சை விட்டு விலகி வாய் பிளக்கிறது. தோளைப் பிடித்துக் குறைக்கவா?

ஜெலுத்தோங்_அக்கா

தோளைத் தொடாதீர்கள், அது சரியாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். கழுத்து ஓரத்தை மாதிரி அட்டை மேல் வைத்துப் பாருங்கள். அட்டையை விடத் துணி நீளமாக இருந்தால் தைக்கும்போது இழுபட்டிருக்கிறது. கழுத்து வளைவு இழைக்குச் சாய்வாக, கிராஸில் போகிற இடம், கையில் எடுத்தாலே நீளும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் குறை மாதிரியில். கழுத்து ஓரத்தில் அரை இன்ச் கிள்ளி, அந்த மடிப்பு மார்பு முனையில் போய் மறையும்படி அட்டையை மடித்து, அதே அளவைப் பக்க டாட்டில் விரித்துக் கொடுக்க வேண்டும்.

செந்தூல்_ஊசி

வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் முக்கால் இன்ச் கூடுதல்.

ஜெலுத்தோங்_அக்கா

அப்போது இழுபட்டதுதான், அட்டையில் கை வைக்காதீர்கள். பாப்ளினை வெட்டினதும் வேறு எதையும் செய்வதற்கு முன் கழுத்து ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே ஒற்றைத் துணியில் ஒரு தையல், நீளம் 2. தோளிலிருந்து நடுக்கழுத்து வரை ஒன்று, மறு தோளிலிருந்து நடுக்கழுத்து வரை இன்னொன்று. ஒரே ஓட்டமாகச் சுற்றினால் ஒரு பக்கம் மேலேறும் வளைவில் மறுபடி இழுபடும். கழுத்துப் பட்டியை 45 டிகிரி கிராஸில் ஒன்றேகால் இன்ச் அகலத்துக்கு வெட்டி, கழுத்துச் சுற்றை விட அரை இன்ச் குறைவான நீளத்தில், பட்டியை மட்டும் லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். துணியை இழுக்காதீர்கள். திருப்புவதற்கு முன் ஓரத்தில் அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு, தையலுக்கு ஒரு இழை விட்டு.